உழவர் எழுப்பிய கல்மனை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அந்நாட்டின் அரண்மனைகளையும் கோட்டைகளையும் வழிபாட்டு இடங்களையுமே பெரிதும் நாடிச் செல்வர். அரசர் எழுப்பிய மாளிகைகளில் கட்டியவர் பெயர், காலம், செலவு எல்லாம் ஏடுகளில் எழுதப்பட்டிருக்கும். உழுது பயிரிட்டு வாழ்ந்த குடும்பம் ஒன்று தன் தேவைக்கென எழுப்பிய மனைக்கோ அத்தகைய ஏடுகள் பெரும்பாலும் இரா. ஆயினும், அம்மனையின் சுவரும் கூரையும் கணப்பும் சாளரமும் ஏடுகளாகவே நின்று பேசும். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு சமுதாயத்தின் வளர்ச்சி முழுவதும் அங்கே விளங்கும்.

இவ்வுண்மைக்குச் சிறந்த சான்றாக நிற்பது இங்கிலாந்தின் கெல்ம்ஸ்காட் என்னும் சிற்றூரில் உள்ள பழைய கல்மனை. இன்று அது 'கெல்ம்ஸ்காட் மேனர்' என்று வழங்குகிறது. 'மேனர்' என்றால் ஊர்த்தலைவரின் மாளிகை என்று பொருள். ஆனால் இப்பெயர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. தொடக்கத்தில் இது ஓர் உழவர் மனையே. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அம்மனைக்குரிய குடும்பத்தார் ஊர்த்தலைமை உரிமையை விலைக்கு வாங்கிய பின்னரே 'மேனர்' என்ற சிறப்புப் பெயர் அதற்கு ஏற்பட்டது. பெயர் பெரிதாயிற்று, மனை பழைய மனையாகவே இருந்தது.

ஊரும் ஆறும்

ஆக்ஸ்போர்டுஷயர் மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், தேம்ஸ் ஆற்றின் கரையை அடுத்து இவ்வூர் அமைந்துள்ளது. இலண்டன் மாநகரில் கப்பல்கள் செல்லும் அகன்ற ஆறாகக் காணப்படும் தேம்ஸ், இங்கே ஒரு சிற்றாறாக, வில்லோ மரங்களின் நிழலில், புல்வெளிகளுக்கு இடையே மெல்ல வளைந்து செல்கிறது. மழை மிகுந்த காலத்தில் ஆறு கரை கடந்து புல்வெளிகளை மூழ்கடிப்பதும் உண்டு. மேற்கே சிறிது தொலைவில் லெச்லேட் என்னும் சந்தை ஊர். வடக்கே எழும் மேட்டு நிலமே காட்ஸ்வோல்ட் குன்றுகள். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் செல்வமே ஆட்டு மயிரில் அடங்கியிருந்தது. அச்செல்வத்தின் களஞ்சியமாக விளங்கியவற்றுள் இக்குன்றுகளும் அடங்கும்.

குன்றுகள் தந்த மற்றொரு செல்வம் கல். ஆடு மேய்ந்த நிலத்தின் அடியிலேயே வீடு கட்டும் பொருளும் கிடைத்தது. வண்டியும் குதிரையும் தவிர வேறு ஊர்தி இல்லாத அக்காலத்தில், கனமான கல்லை நெடுந்தொலைவு கொண்டு செல்வது பெருஞ்செலவு. ஆதலின் ஒவ்வோர் ஊரும் தன் பக்கத்துக் கல்லாலேயே தன்னைக் கட்டிக்கொண்டது. ஊருக்கும் நிலத்துக்கும் ஒரே நிறம் அமைந்ததற்குக் காரணம் இதுவே. அழகு கருதி எவரும் அப்படித் திட்டமிடவில்லை. தேவை தந்த ஒழுங்கே அழகாயிற்று.

கல்லின் இயல்பு

இப்பகுதியின் கல் சுண்ணாம்புக் கல். ஏறத்தாழ 16 அல்லது 17 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்நிலம் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலாக இருந்தபோது அடியில் படிந்து இறுகியது அது. அதில் ஒரு வகையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் மீன் முட்டைகளைக் குவித்து ஒட்டியது போல் தோன்றும். சிப்பி, நத்தை முதலியவற்றின் உருவங்களும் ஆங்காங்கே காணப்படும்.

இக்கல்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நிலத்திலிருந்து வெட்டி எடுத்த உடனே ஈரப்பசையோடு மென்மையாக இருக்கும். உளிக்கு எளிதில் இணங்கும். காற்றும் வெயிலும் பட்டபின் நாளடைவில் மேற்பரப்பு இறுகும். ஆகவே கல்தச்சர் புதுக்கல்லிலேயே வேலையை முடித்துவிடுவர். மற்றொரு விதியும் அவர்கள் அறிவர். கடலடியில் படிந்த கல் அடுக்கடுக்காக அமைந்தது. சுரங்கத்தில் எந்த முகம் மேல்நோக்கிக் கிடந்ததோ, சுவரிலும் அம்முகமே மேல்நோக்க வைத்தல் வேண்டும். மாற்றி நிறுத்தினால் பனியும் மழையும் அடுக்குகளுக்கு இடையே புகுந்து தாள்களைப் பிரிப்பது போல் கல்லைப் பிரித்துவிடும்.

கெல்ம்ஸ்காட் மனையின் சுவர்கள் முழுதும் செதுக்கிய கற்களால் ஆனவை அல்ல. ஒழுங்கற்ற சிறு கற்களை வரிசையாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்தவை. வெளிமுகம் ஒன்று, உள்முகம் ஒன்று, இடையில் கல்துண்டுகளும் காரையும் என்பதே இவ்வகைச் சுவரின் அமைப்பு. இரு முகங்களும் தனித்தனியே பிரிந்து சாயாதபடி, இடையிடையே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை செல்லும் நீண்ட ஊடுகற்களை வைப்பர். விலையுயர்ந்த செதுக்குக் கல்லை எங்கெங்கு வேண்டுமோ அங்கங்கு மட்டுமே பயன்படுத்துவர்: சுவரின் மூலைகளில், வாயில் நிலைகளில், சாளரச் சட்டங்களில். வேலைப்பாடு மிகுந்த கல் எங்கே, எளிய கல் எங்கே என்று அறிந்து செலவிடும் சிக்கனம் உழவர் மனைக்கே உரிய இலக்கணம்.

சுவர்களைக் கூர்ந்து நோக்கினால் அவை மேலே செல்லச் செல்லச் சிறிது உட்புறம் சாய்ந்திருப்பது தெரியும். இது பிழையன்று. அடி அகன்றும் முடி குறுகியும் நிற்கும் சுவர் தன் எடையைத் தானே தாங்கும். சாளரங்களுக்கு இடையே நிற்கும் கல் இடைத்தூண்கள் மேற்சுவரின் எடையில் ஒரு பகுதியைத் தாங்குகின்றன. ஆகவே சாளரம் ஒரே அகலமான திறப்பாக இல்லாமல் பல குறுகிய திறப்புகளின் வரிசையாக உள்ளது. சாளரத்துக்கு மேலே துருத்தி நிற்கும் கல் விளிம்பு சுவர் வழியே வடியும் மழைநீரை இருபுறமும் ஒதுக்கிவிடுகிறது. அணிகலன் போல் தோன்றும் ஒவ்வொன்றும் இவ்வாறு ஒரு பணியைச் செய்துகொண்டிருக்கிறது.

கூரையின் கணக்கு

இம்மனையின் கூரையும் கல்லே. மெல்லிய தகடுகளாகப் பிளக்கும் சுண்ணாம்புக் கல்லையே ஓடாக வேய்ந்துள்ளனர். இத்தகைய ஓட்டுக்குப் பெயர் பெற்ற ஊர் அதே மாவட்டத்தின் ஸ்டோன்ஸ்பீல்டு. அங்கே கல்லைப் பிளந்தது உளியன்று, பனி! இலையுதிர் காலத்தில் சுரங்கத்திலிருந்து கல் பாளங்களை எடுத்து, ஈரம் உலராமல் காத்து, கடும்பனி இரவுகளில் திறந்த வெளியில் பரப்பி வைப்பர். கல்லினுள் இருக்கும் நீர் உறைந்து விரிவடையும்போது பாளம் தானே தாள் தாளாகப் பிரியும். பனி பொய்த்த ஆண்டில் ஓடும் பொய்த்துவிடும். ஆகவே கல் காயாமல் மண்ணால் மூடி அடுத்த குளிர்காலம் வரை காத்திருப்பர்.

பனி பிளந்த தகடுகள் ஒரே அளவாக இரா. அளவு மாறுபாட்டைக் குறையாகக் கருதாமல் அதையே கூரையின் ஒழுங்காக மாற்றினர் பழங்காலக் கொத்தர். பெரிய தகடுகளை இறவாரத்திலும், அவற்றிற் சிறியவற்றை அதன் மேலும், மிகச் சிறியவற்றை முகட்டிலும் வேய்ந்தனர். கூரையின் கீழ்ப்பகுதியில்தான் மழைநீர் மிகுதியாக ஓடும். அங்கே இணைப்புகள் குறைவாக இருத்தல் நலம். பெரிய தகடுகளின் எடையும் சுவரின் தலைமேலேயே இறங்கும். காரணம் இவ்வளவே; ஆனால் அதன் பயன் கண்ணுக்கு விருந்து. கீழிருந்து மேலே பார்க்கையில் மீனின் செதிள் போலவும் பறவையின் இறகு போலவும் சீராகச் சிறுத்துச் செல்லும் கூரையாக அது விளங்குகிறது.

ஒவ்வொரு தகட்டின் தலையிலும் துளையிட்டு, ஓக் மர முளை செருகி, கைமரங்களின் மேல் அடித்த மெல்லிய சட்டங்களில் அதை மாட்டித் தொங்கவிடுவர். சிலவற்றை ஆணியாலும் பொருத்துவர். நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ ஒரு டன் எடை உண்டு. அந்த எடையைத் தாங்கவே கூரையின் மரச்சட்டங்கள் அத்துணைப் பருமனாக உள்ளன. கரடுமுரடான கல்மேல் நீர் தேங்கி நில்லாதிருக்க, கூரையைச் செங்குத்தாக உயர்த்தினர். ஏறத்தாழ 50 பாகைச் சாய்வு இப்பகுதியில் வழக்கம். செங்குத்தான கூரைக்குள் உயர்ந்த பரண் அறை கிடைத்தது. பரணுக்கு வெளிச்சம் தேவைப்பட்டது. அதற்காக முக்கோண முகப்புகள் எழுந்தன. ஆகவே கல்லின் இயல்பு கூரையின் சாய்வை முடிவு செய்தது. கூரையின் சாய்வு மனையின் தோற்றத்தையே முடிவு செய்தது எனலாம்.

உழவர் வளம் பெற்ற காலம்

இம்மனையை எழுப்பியவர் டர்னர் என்னும் உழவர் குடும்பத்தார். காலம் கி.பி. 1600-ஐ ஒட்டியது. 'யோமன்' எனப்படும் உழவர் வகுப்பைச் சேர்ந்தவர்கள் அவர்கள். பெருநிலக்கிழாரும் அல்லர், கூலியாட்களும் அல்லர். சொந்த நிலமோ நெடுங்காலக் குத்தகை நிலமோ வைத்துத் தாமே பயிர்த்தொழிலை நடத்தியவர்கள் யோமன் வகுப்பார்.

16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தானியத்தின் விலையும் ஆட்டு மயிரின் விலையும் ஏறிக்கொண்டே சென்றன. குத்தகைத் தொகையோ பல இடங்களில் பழைய அளவிலேயே நின்றது. விளைவை விற்ற உழவர் கையில் பணம் மிஞ்சியது. மிஞ்சிய பணத்தை அவர் வீட்டில் இட்டார். எஸ்ஸெக்ஸ் பகுதியில் பாதிரியாராக இருந்த வில்லியம் ஹாரிசன் என்பவர் 1577-ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், ஊர்ப் பெரியவர்கள் தம் வாழ்நாளில் கண்ட மூன்று மாறுதல்களைக் குறித்துள்ளார். புகைபோக்கிகள் பெருகியமை ஒன்று. வைக்கோல் படுக்கையும் மரக்கட்டைத் தலையணையும் போய் மெத்தையும் தலையணையும் வந்தமை மற்றொன்று. மரத்தட்டுகளுக்குப் பதிலாக வெள்ளீயத் தட்டுகள் வந்தமை மூன்றாவது. அரசியல் நூல்கள் கூறாத ஒரு புரட்சியை இம்மூன்றும் கூறிவிடுகின்றன.

வரலாற்று அறிஞர் ஹாஸ்கின்ஸ் 1953-ஆம் ஆண்டு எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், 1570 முதல் 1640 வரையுள்ள காலத்தை இங்கிலாந்தின் நாட்டுப்புறம் மீண்டும் கட்டப்பட்ட காலம் என்று வகுத்துக் காட்டினார். 1977-இல் மேச்சின் என்னும் ஆய்வாளர் அக்கருத்தை மறுபரிசீலனை செய்தார். மனைகளில் பொறிக்கப்பட்ட ஆண்டுகளைத் தொகுத்து நோக்கினால், 17-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான் கட்டட வேலை உச்சத்தை அடைந்தது என்பது அவர் முடிவு. ஒரே அலை அன்று, இடத்துக்கு இடம் வெவ்வேறு காலத்தில் எழுந்த பல அலைகள் என்று கொள்வதே பொருந்தும். கெல்ம்ஸ்காட் மனையில் இவ்விரு கருத்துக்கும் சான்று உண்டு. 1600-ஐ ஒட்டிய முதற்பகுதியும், 1665-ஐ ஒட்டிக் கூட்டப்பட்ட வடகிழக்குப் பகுதியும் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன.

அறைகளின் அமைப்பு

இடைக்கால ஆங்கில மனையின் உயிர்நிலை ஒரே பெருங்கூடம். நடுவில் தரைமீது நெருப்பு எரியும். புகை கூரை வழியே தன்போக்கில் வெளியேறும். குடும்பத் தலைவரும் பணியாளரும் ஒரே கூடத்தில் உண்பர். புகை எழும் கூடத்துக்கு மேலே மாடி அமைக்க இயலாது. சுவரை ஒட்டிய கணப்பும் புகைபோக்கியும் வந்தபின் அத்தடை நீங்கிற்று. கூடத்துக்கு மேலே தளம் இட்டனர். மாடி அறைகள் தோன்றின. ஒவ்வோர் அறைக்கும் தனிக் கணப்பு வந்தது. ஆகவே புகைபோக்கி என்பது புகை போகும் வழி மட்டுமன்று. தனிமை வந்த வழியும் அதுவே.

அரசும் இம்மாறுதலைக் கவனிக்கத் தவறவில்லை. 1662-ஆம் ஆண்டு முதல் 1689 வரை ஒவ்வொரு கணப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங் வரி தண்டப்பட்டது. கெல்ம்ஸ்காட்டின் புதிய பகுதி எழுந்ததும் இக்காலத்திலேதான். வரி உண்டு என்று அறிந்தும் பெரிய கணப்புகளோடு கட்டிய உழவர், தம் வளத்தை ஊரறியக் காட்ட விரும்பினார் என்றே கொள்ளவேண்டும்.

பழைய வழக்கத்தின் சுவடுகளும் கெல்ம்ஸ்காட்டில் உள. வாயிலைக் கடந்தவுடன் மரத்திரையால் பிரிக்கப்பட்ட இடைகழி ஒன்று வருகிறது. ஒருபுறம் குடும்பத்தார் வாழும் கூடம். மறுபுறம் பணிக்குரிய அறைகள். இது இடைக்காலக் கூடத்தின் எச்சம். மாடியில் அறைகளுக்கு முன்னால் நடைவழி கிடையாது. ஓர் அறையினூடே புகுந்தே அடுத்த அறைக்குச் செல்லவேண்டும். கணப்பு தனிமையைத் தொடங்கி வைத்தது. ஆனால் அது முழுமை பெறவில்லை என்பதை இவ்வமைப்பு காட்டுகிறது.

இரு காலங்கள் ஒரு மனையில்

முதற்பகுதிக்கும் 1665-ஐ ஒட்டிய பகுதிக்கும் இடையே உள்ள வேறுபாடு எளிதில் புலனாகும். முதற்பகுதியில் அறைகள் தாழ்ந்தவை, சாளரங்கள் சிறியவை. புதிய பகுதியில் அறைகள் உயர்ந்தவை, சாளரங்கள் பெரியவை. அதன் முக்கோண முகப்புகளில் உள்ள சிறு சாளரங்களின் தலையில் உரோமானியக் கோயில்களின் முகட்டைப் போன்ற கல் அணி செதுக்கப்பட்டுள்ளது. இத்தாலியில் மறுமலர்ச்சி பெற்ற கட்டடக் கலை, இலண்டன் வழியாகப் பயணம் செய்து, நூறாண்டுக்கு மேல் கழித்து, ஓர் உழவர் மனையின் பரண் சாளரத்தில் வந்து அமர்ந்த காட்சி அது. உள்ளே கணப்பின் மேல் டர்னர் குடும்பத்தின் குடிச்சின்னம் பொறிக்கப்பட்டுள்ளது. உழவர் குடும்பம் உயர்குடி என்னும் தகுதியை நாடிய வரலாறு அக்கல்லில் எழுதப்பட்டுவிட்டது. மாடியில் சிம்சோன் கதையைச் சித்திரிக்கும் 17-ஆம் நூற்றாண்டுத் திரைச்சீலைகள் தொங்கும் அறையும் இப்பகுதியில் உண்டு.

இங்கே கருதத்தக்கது ஒன்று. புதிய பகுதியைக் கட்டியவர் பழைய பகுதியை இடிக்கவில்லை. பழையதைப் போலவே போலியாகக் கட்டவும் இல்லை. தம் காலத்து முறையில், ஆனால் அதே கல்லில், அதே கூரைச் சாய்வில் கட்டினார். ஆகவே வேற்றுமையும் தெரிகிறது, ஒற்றுமையும் குலையவில்லை.

மாரிஸ் வருகை

1871-ஆம் ஆண்டு மே மாதம், இலண்டனை விட்டு ஒதுங்கிக் கோடைக்காலத்தில் தங்க ஓர் இடம் தேடிக்கொண்டிருந்த வில்லியம் மாரிஸ் இம்மனையைக் கண்டார். 1834-இல் பிறந்த அவர் கவிஞர்; சுவர்த்தாள், நெசவுத்துணி முதலியவற்றுக்குக் கோலம் வரைந்த கலைஞர்; பிற்காலத்தில் பொதுவுடைமைக் கொள்கையைப் பரப்பிய சொற்பொழிவாளர். ஓவியர் ரொசெட்டியோடு சேர்ந்து மனையை வாடகைக்கு எடுத்தார். 1874-இல் ரொசெட்டி விலகினார். மாரிஸ் தம் இறுதிக்காலம் வரை தொடர்ந்தார்.

மாரிஸ் மனையைப் பெரிதாக மாற்ற முற்படவில்லை. மனையே அவரை மாற்றியது எனலாம். தோட்டத்தில் செம்புற்றுப் பழங்களைத் திருடித் தின்னும் பறவைகளைக் கண்டு 1883-இல் ஒரு துணிக்கோலம் வரைந்தார். ஆற்றங்கரை வில்லோ இலைகள் 1887-இல் ஒரு சுவர்த்தாள் ஆயின. தாம் இலண்டனில் வாழ்ந்த வீட்டுக்கும், 1891-இல் நிறுவிய அச்சகத்துக்கும் 'கெல்ம்ஸ்காட்' என்றே பெயரிட்டார். 1890-இல் அவர் எழுதிய கற்பனைக் கதை, வருங்கால மக்கள் தேம்ஸ் வழியே படகில் சென்று ஒரு பழைய கல்மனையை அடைவதோடு முடிவு நோக்கிச் செல்கிறது. அம்மனை கெல்ம்ஸ்காட்டே.

புதுப்பித்தலா, பேணுதலா?

மாரிஸ் வாழ்ந்த காலத்தில் இங்கிலாந்தின் பழைய தேவாலயங்களுக்கு ஒரு பெருந்தீங்கு நேர்ந்துகொண்டிருந்தது. தீங்கு செய்தவர்கள் பகைவர் அல்லர். பக்தியும் பணமும் படைத்த நல்லவர்களே. ஒரு கட்டடம் தொடக்கத்தில் எந்தக் காலத்துப் பாணியில் எழுந்ததோ அந்நிலைக்கு அதைத் திருப்பவேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அதற்காகப் பிற்காலத்தார் சேர்த்தவற்றை இடித்தனர்; காலத்தால் தேய்ந்த கல்முகத்தைச் சுரண்டி எடுத்தனர்; இல்லாத பகுதிகளை ஊகத்தால் புதிதாகச் செதுக்கி வைத்தனர். பழைமை போயிற்று; பழைமையின் போலி வந்தது.

இதைக் கண்டு வெகுண்ட மாரிஸ், தோழர் பிலிப் வெப் முதலியோரோடு சேர்ந்து 1877-ஆம் ஆண்டு பழைய கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். 'சுரண்டல் எதிர்ப்புச் சங்கம்' என்று வேடிக்கையாக அதை அழைத்தனர். அதன் கொள்கை எளிது. கூரை ஒழுகுகிறதா? உடனே அடைக்க வேண்டும். சுவர் சாய்கிறதா? முட்டுக் கொடுக்க வேண்டும். ஒரு கல் முற்றும் அழிந்ததா? அவ்விடத்தை நிரப்ப வேண்டும்; ஆனால் நிரப்பியது புதிது என்பது காண்பார்க்குத் தெரிதல் வேண்டும். இதற்காகவே, அழிந்த கல்லின் இடத்தில் மெல்லிய செங்கல் ஓடுகளை அடுக்கிக் காரையிட்டு நிரப்பும் முறையை அச்சங்கத்தார் கையாண்டனர். சிறு பழுதை அன்றாடம் கவனித்தால் பெரும் புதுப்பிப்புக்கு இடமே நேராது என்பது அவர்கள் துணிபு.

இக்கொள்கைக்கும் கெல்ம்ஸ்காட் மனைக்கும் உள்ள உறவு வெளிப்படை. 1600-இன் பகுதியே உண்மையானது, 1665-இன் பகுதி பிற்சேர்க்கை என்று ஒருவர் கூறி இடிக்கத் தொடங்கினால் எஞ்சுவது என்ன? இரு தலைமுறைகளின் வரலாற்றில் ஒன்று மறைந்துவிடும். கட்டடம் என்பது ஒரு நாளில் எழுதி முடித்த பாட்டன்று. பல தலைமுறைகள் தொடர்ந்து எழுதிய ஏடு. இடையில் உள்ள ஏடுகளைக் கிழித்துவிட்டு முதல் ஏட்டை மட்டும் வைத்துக்கொள்வது பதிப்பாகாது.

கெல்ம்ஸ்காட்டுக்குச் சில மைல் தொலைவில் கிரேட் காக்ஸ்வெல் என்னும் ஊரில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவியர் எழுப்பிய கற்களஞ்சியம் ஒன்று உண்டு. 152 அடி நீளம், 44 அடி அகலம், 48 அடி உயரம் உள்ளது. மாரிஸ் தம் விருந்தினரை அங்கே அழைத்துச் சென்று காட்டுவது வழக்கம். கதிர் சேர்க்கும் கொட்டகையைப் பேராலயத்துக்கு ஒப்பாக மதித்தார் அவர். கலை என்பது செல்வர் மாளிகையில் மட்டும் இருப்பதன்று, உழைப்பவர் பொருள்களிலும் உறைவது என்ற அவர் கொள்கை இதனால் விளங்கும்.

பரணில் உறங்கியோர்

ஆயினும் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. செங்குத்தான கூரைக்குள் அமைந்த பரண் அறைகளில் பண்ணையாட்களும் ஆட்டிடையரும் உறங்கினர். கீழே குடிச்சின்னம் பொறித்த கணப்பு. மேலே கணப்பின் வெப்பம் எட்டாத கூரைச் சரிவு. ஒரே மனையில் இரு உலகங்கள் இருந்தன.

மாரிஸ் குடியேறிய மறு ஆண்டு, 1872-இல், பக்கத்து வார்விக்ஷயரில் ஜோசப் ஆர்ச் என்பவர் உழவுத் தொழிலாளரைத் திரட்டிச் சங்கம் அமைக்கத் தொடங்கினார். 1873-இல் கெல்ம்ஸ்காட் உள்ள அதே ஆக்ஸ்போர்டுஷயரில், ஆஸ்காட் என்னும் ஊரில், வேலை நிறுத்தத்தை ஆதரித்த 16 பெண்கள் கடுங்காவல் தண்டனை பெற்றுச் சிறை சென்றனர். சிலர் கைக்குழந்தையோடு சென்றனர். அழகிய கல் ஊர்களின் அமைதிக்குப் பின்னால் இத்தகைய துயரமும் இருந்தது. பரம்பரைச் செல்வத்தோடு வந்து கோடையில் தங்கிய மாரிஸ் முதலில் கண்டது அழகையே. பின்னாளில் பொதுவுடைமையாளராக மாறியபோது, இத்தகைய அழகு எல்லார்க்கும் உரியதாக வேண்டும் என்று முழங்கினார். மனையைப் போற்றுவோர் பரணையும் எண்ணிப் பார்த்தல் கடமை.

தமிழர் மகனும் பழைய அச்சுப்பொறியும்

இக்கல்மனையின் புகழ் தமிழர் வரலாற்றோடும் ஓர் இடத்தில் தொடர்பு கொள்கிறது. பழைய கட்டடங்களின் பாதுகாப்புச் சங்கம் தோன்றிய அதே 1877-ஆம் ஆண்டில் கொழும்பில் பிறந்தவர் ஆனந்த குமாரசாமி. தந்தையார் ஈழத்துத் தமிழ்ப் பெருமகன் சர் முத்துக் குமாரசாமி. தாயார் ஆங்கில மாது. இளமையிலேயே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்த அவர் கற்களை ஆராயும் நிலவியல் கற்றுத் தேர்ந்தார். இலங்கைக்குத் திரும்பிக் கனிம ஆய்வுத் துறையின் தலைவராகப் பணியாற்றினார். ஊர் ஊராகச் சென்றபோது கைத்தொழில் மரபுகள் நலிந்து வருவதைக் கண்டு வருந்தினார். கற்களை ஆராய்ந்தவர் கலைகளை ஆராயும் பேரறிஞரானார்.

1907-ஐ ஒட்டி அவர் மீண்டும் இங்கிலாந்து சென்று, காட்ஸ்வோல்ட் குன்றுகளின் வடபகுதியில் பிராடு கேம்டன் என்னும் ஊரில் குடியேறினார். அவர் வாழ்ந்த வீடு நார்மன் காலத்துச் சிறு கல் ஆலயம். சிதைந்து கிடந்த அதனை மாரிஸ் கொள்கையைப் பின்பற்றிய ஆஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் வீடாக அமைத்துக் கொடுத்தார். பழைய சுவரை அவர் அழிக்கவில்லை. புதிய பகுதியைப் புதியதாகவே பக்கத்தில் சேர்த்தார். டர்னர் குடும்பத்தார் 1665-ஐ ஒட்டிச் செய்ததும் இதுவே அன்றோ!

மாரிஸ் மறைந்தபின் கெல்ம்ஸ்காட் அச்சகத்தின் கைப்பொறி ஆஷ்பீயின் அச்சகத்துக்கு வந்திருந்தது. 1896-இல் சாசர் என்னும் ஆங்கிலப் புலவரின் நூல்களை மாரிஸ் அச்சிட்ட பொறி அது. அதே பொறியில் ஆனந்த குமாரசாமி இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் பெருநூலை அச்சிட்டு 1908-இல் நிறைவு செய்தார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அறிஞர், சிங்களக் கைவினைஞரின் பெருமையை, ஆங்கிலக் கலைஞரின் பொறியில், ஒரு பழைய கல் மனையில் இருந்து உலகுக்கு எடுத்துரைத்தார். கைத்தொழிலாளரின் அறிவை மதிக்கவேண்டும் என்ற கொள்கைக்கு நாட்டெல்லை இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மனையின் பிற்காலம்

1896-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் மாரிஸ் இலண்டனில் காலமானார். உடல் புகைவண்டியில் லெச்லேட் கொண்டு வரப்பட்டு, அங்கிருந்து இலை தழைகளால் அணி செய்த பண்ணை வண்டியில் கெல்ம்ஸ்காட் ஆலய முற்றத்துக்குச் சென்றது. வெப் அமைத்த கல்லறை ஒரு வீட்டின் கூரை வடிவில் உள்ளது. வாடகை மனையாகவே இருந்ததை 1913-இல் மாரிஸின் மனைவியார் ஜேன் விலைக்கு வாங்கினார். சில மாதங்களில் அவரும் மறைந்தார். கைப்பின்னல் கலையில் வல்ல மகள் மே மாரிஸ் 1923 முதல் 1938-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்து, மனையை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்தார். 1962-இல் அது இலண்டன் தொல்பொருள் அறிஞர் கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. நிலை தளர்ந்திருந்த மனைக்கு அப்பத்தாண்டில் பெரும் பழுதுபார்ப்பு நடைபெற்றது. மற்றொரு பெரும்பணி முடிந்து 2022-இல் மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது.

கூரைத் தகட்டை மாற்றும்போதும் காரையைப் பூசும்போதும் அங்கே பணி செய்வோர் முன் நிற்கும் கேள்வி மாரிஸ் எழுப்பிய அதே கேள்விதான்: எவ்வளவு மாற்றினால் மனை நிற்கும்? எவ்வளவு மாற்றினால் மனை மறையும்? இதற்கு ஒரே முறை எழுதி வைத்த விடை கிடையாது. ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று மீண்டும் மீண்டும் தேடவேண்டிய விடை அது.

பனி பிளந்த கல்லை அளவு பார்த்து அடுக்கிய கொத்தரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆனால் அவருடைய அறிவு நானூறு ஆண்டுகளாக மழையைத் தடுத்து நிற்கிறது. பெயர் தெரியாத அவ்வறிவைப் படித்தறிந்து, கெடாமல் அடுத்த தலைமுறைக்கு ஒப்படைப்பதே வரலாறு கற்றோர் கடன்.